மனம் சொல்வதா, கர்த்தரிடம் கேட்பதா? தாவீதின் இரண்டு முடிவுகள்

வேலையை விடலாமா, இந்த வரனுக்குச் சரி சொல்லலாமா என்று தவிப்பவர்கள் வேதாகமத்தில் 1 சாமுவேல் 25, 30 அதிகாரங்களை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள்.

வேகம்
மனம்: நாபால் என்ற பணக்காரன் அவமதித்ததும் தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.
கர்த்தர்: தாவீது குடியிருந்த சிக்லாகு ஊரை அமலேக்கியர் எரித்து, குடும்பங்களைச் சிறைபிடித்துப் போயிருந்தபோது, பெலனற்றுப் போகும்வரை அழுதான். கூட இருந்தவர்களே அவனைக் கல்லெறியப் பேசினார்கள். அப்புறம் ஆசாரியனின் உடையான ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி, அமலேக்கியரைப் பின்தொடரலாமா என்று கர்த்தரிடம் விசாரித்தான். அழுகையை அவன் அடக்கவில்லை. ஆனால் அதை வைத்து முடிவெடுக்கவும் இல்லை.

விலை
மனம்: இரத்தப்பழி. நாபாலின் மனைவி அபிகாயில் வழிமறித்ததால் தப்பினான்.
கர்த்தர்: கொஞ்சம் பொறுமை.

பலன்
சிக்லாகில் இழந்த எல்லாரும் திரும்பக் கிடைத்தார்கள்.

சேலை எடுக்க மனசு போதும். திருமணம், கடன், சண்டை என்றால் யாக்கோபு 1:5 சொல்கிறபடி ஞானத்தைக் கேளுங்கள். அபிகாயில்போலத் தடுக்கத் துணிந்த ஒருவரிடமும் பேசுங்கள்.