புதுப்பித்த டிசி-3 என்று விற்கிறார்கள்: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில், "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, பறக்கத் தயார்" என்ற அறிவிப்போடு ஒரு டிசி-3 பயணிகள் விமானம் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. படங்கள் பழையவை, வாசகங்களும் பழையவை. விலை மட்டும் இறங்கியிருக்கிறது. அந்த விமானத்துக்கு முன்பணம் கட்டி ஏமாற்றப்பட்டவர்களில் நானும் ஒருவன். வழக்கறிஞரின் அறிவுரைப்படி விற்பனையாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்க முயன்றோம். இருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், ஒருவர் மதுரைக்காரர், நான்காமவர் அமெரிக்க விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஏன் டிசி-3 என்று கேட்பவர்களுக்கு: 1935 டிசம்பர் 17 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் முதன்முதலாகப் பறந்த இந்த விமானம்தான் பயணிகளை ஏற்றியே ஒரு விமான நிறுவனம் பிழைக்க முடியும் என்று காட்டியது. நம் ஆட்கள் டக்கோட்டா என்று அழைத்ததும் இதன் ராணுவ வடிவத்தைத்தான். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் சேவையைத் தொடங்கியபோது இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது ஒரு டக்கோட்டா. என் தந்தையின் தலைமுறைக்கு விமானம் என்றாலே அதுதான். அப்படி ஒன்றைப் பறக்கும் நிலையில் வைத்திருந்து, விமானக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளை ஏற்றிக் காட்ட வேண்டும் என்பது எங்கள் நீண்ட நாள் ஆசை.

தரகர் சொன்னவை மனத்தை மயக்கும்படி இருந்தன. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் நார்மண்டி கரையில் நேச நாடுகள் நடத்திய படையிறக்கத்தில் கலந்துகொண்ட விமானம் என்றார். இரண்டு எஞ்சின்களும் முழு ஓவர்ஹால் (பிரித்துப் புதுப்பித்தல்) செய்யப்பட்டு மிகக் குறைந்த மணி நேரமே ஓடியவை என்றார். கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் சான்றிதழும் விமானத்தோடு சேர்ந்து வரும் என்றார். மூன்றில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை.

கடைசியாகச் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டணப் பயணிகளை ஏற்றுவதற்கான சான்றிதழை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., இயக்கும் நிறுவனத்துக்குத்தான் கொடுக்கிறது. அது விமானத்தோடு கைமாறாது. அப்படி மாறும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

நார்மண்டி கதை இன்னும் மோசம். அன்று டிசி-3யின் ராணுவ வடிவமான சி-47 விமானங்கள் எண்ணூறுக்கும் மேல் பறந்தன. அவற்றில் ஒன்று என்று நிரூபித்தால் விலை எங்கோ போய்விடும் என்பதால் இந்தப் பொய்க்குச் சந்தை உண்டு. ஆனால் அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு விமானத்துக்கும் பதிவு அட்டை இருந்தது. அந்த அட்டைகள் அலபாமாவில் மாக்ஸ்வெல் விமானப் படைத் தளத்திலுள்ள வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கேட்டோம். எங்களுக்குக் காட்டப்பட்ட விமானம் 1944 இலையுதிர் காலத்தில்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்கிறது. படையிறக்கம் நடந்த நாளில் அது முழு விமானமாகவே இல்லை. உயிர் கொடுத்த வீரர்களின் பெயரைச் சொல்லி விலையேற்றுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இவை பணத்தோடு போகிற பொய்கள். இறக்கையில் இருந்தது உயிரோடு விளையாடுகிற பொய்.

டிசி-3யின் இறக்கை ஒரே துண்டு அல்ல. உடலோடு சேர்ந்த நடுப்பகுதி ஒன்று; அதற்கு வெளியே இருபுறமும் கழற்றி மாட்டக்கூடிய வெளி இறக்கைகள். இரண்டின் விளிம்புகளிலும் உள்ள அலுமினியக் கோணப்பட்டைகளை நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் பிணைக்கின்றன. மொத்தச் சுமையும் அந்தப் பிணைப்பின் வழியாகத்தான் போகிறது. எண்பது ஆண்டு வயதான அலுமினியத்தில் அரிப்பும் வெடிப்பும் எங்கே வரும் என்று எந்த டிசி-3 மெக்கானிக்கைக் கேட்டாலும் முதலில் அங்கேதான் கையை வைப்பார். அந்த இணைப்பின் மேல் ஒரு மெல்லிய மூடுபட்டை இருக்கும். எங்கள் சார்பில் சென்ற மெக்கானிக் அதைக் கழற்ற வேண்டும் என்றபோது, "பெயின்ட் கெட்டுவிடும், வேண்டாம்" என்று தரகர் தடுத்தார். ஒப்பந்தத்தில் அந்தச் சோதனையை நாங்கள் பெயர் குறிப்பிட்டு எழுதியிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை.

பட்டையை எடுத்ததும் உண்மை தெரிந்தது. இடப்பக்க இறக்கையின் அடிப்புறத்தில் கோணப்பட்டை ஏடு ஏடாக உரிந்திருந்தது. அதன் மேல் பட்டி பூசித் தேய்த்து, வண்ணம் அடித்திருந்தார்கள். தெரியாமல் விட்டுப்போன அரிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவர் கண்ணால் பார்த்து, கையால் மூடியிருக்கிறார்.

2005 டிசம்பர் 19 அன்று மயாமி கடற்கரைக்கு அருகே சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸின் கடல் விமானம் ஒன்று விழுந்ததைச் சிலர் மறந்திருக்கக்கூடும். 1947-இல் கட்டப்பட்ட கிரம்மன் மல்லார்ட், அதுவும் இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம்தான். புறப்பட்ட சற்று நேரத்தில் வலது இறக்கை பிய்ந்து விழுந்தது. குழந்தைகள் உட்பட இருபது பேரும் இறந்தார்கள். இறக்கையில் களைப்பு வெடிப்பு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் உலோகத்தில் வரும் வெடிப்பு) வளர்ந்துகொண்டே இருந்தது, முறையாகச் சரிசெய்யப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. எங்கள் மெக்கானிக் அனுப்பிய படத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த விபத்துதான். அந்த இருக்கைகளில் எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

எஞ்சின்களும் சொன்னபடி இல்லை. பதினான்கு சிலிண்டர் கொண்ட பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். ஓவர்ஹாலுக்குப் பின் குறைந்த மணி நேரமே ஓடியது உண்மை. ஆனால் அந்த ஓவர்ஹால் நடந்தது 1990-களில்! ஓடாமல் நிற்பது இவ்வகை எஞ்சினுக்கு நல்லதல்ல. ஈரம் உள்ளே புகுந்து சிலிண்டர் சுவர்களும் கேம் பகுதியும் துருப்பிடிக்கும். கீழே தொங்கும் சிலிண்டர்களில் எண்ணெய் வடிந்து தேங்கும். அந்த நிலையில் கவனமில்லாமல் ஸ்டார்ட் செய்தால், பிஸ்டனைப் பிணைத்திருக்கும் கனெக்டிங் ராடு வளையும். வலது எஞ்சினின் எண்ணெய் வடிகட்டியைத் திறந்தபோது உலோகத் துகள்கள் கிடந்தன. மணிக்கணக்கை மட்டும் விளம்பரத்தில் போட்டு ஆண்டை மறைப்பது இந்தச் சந்தையில் பரவலாக நடக்கிறது. விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் ஓவர்ஹால் தேதியையும், எந்தப் பணிமனை செய்தது என்பதையும் கேளுங்கள்.

நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பதுபோல இங்கும் பார்க்க வழியிருக்கிறது. ஒக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்தில் ஒவ்வொரு விமானத்தின் உரிமைப் பத்திரங்களும், அதன் மீதான கடன் உரிமைகளும், பெரிய பழுதுபார்ப்புகளுக்கான 337 படிவங்களும் கோப்பாக இருக்கின்றன. சிறு கட்டணத்தில் யாரும் பிரதி வாங்கலாம். எங்கள் விமானத்தின் கோப்பில், சம்பளம் கிடைக்காத ஒரு பணிமனை பதிந்த கடன் உரிமை தீர்க்கப்படாமல் இருந்தது. இறக்கையில் செய்ததாகத் தரகர் பெருமையாகச் சொன்ன வேலைக்கோ ஒரு 337 படிவம்கூட இல்லை.

இத்தனைக்குப் பிறகு விலகுகிறோம் என்று எழுதினோம். பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது. "அது குறையே அல்ல, பழைய விமானத்தின் இயல்பு" என்று பதில் வந்தது. பிறகு பதிலே வரவில்லை. விற்பனை முடியும்வரை இருவருக்கும் பொதுவான மூன்றாம் தரப்பு பணத்தை வைத்திருப்பதை எஸ்க்ரோ என்பார்கள். அப்படிப்பட்டது என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்த கணக்கு, விசாரித்தபோது, தரகரே நடத்தும் இன்னொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. பணத்தை அவரே வைத்துக்கொண்டு, தகராறில் தீர்ப்பையும் அவரே சொல்கிறார்.

ஆகவே எஸ்க்ரோ நிறுவனத்தை விற்பவர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். விமான உரிமைச் சோதனையும் எஸ்க்ரோவும் மட்டுமே செய்யும் நிறுவனங்கள் ஒக்லஹோமா சிட்டியில் பல உள்ளன. நீங்களே ஒன்றைப் பிடியுங்கள். சோதிக்கும் மெக்கானிக்கும் உங்கள் ஆளாக இருக்கட்டும், அவர் டிசி-3யில் கைபழகியவராக இருக்கட்டும். "ஐரோப்பாவிலிருந்து இன்னொருவர் பணத்தோடு வருகிறார்" என்று அவசரப்படுத்தினால் வரட்டும் என்று விடுங்கள். எங்களுக்கும் அதையே சொன்னார்கள்; அந்த ஐரோப்பியர் இன்றுவரை வரவில்லை.

மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இறக்கையின் படங்களையும் மெக்கானிக்கின் அறிக்கையையும் எஃப்.ஏ.ஏ.யின் உள்ளூர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். இந்த விமானத்தை வாங்கப் பேசிக்கொண்டிருப்பவர் எவராக இருந்தாலும் அந்த அறிக்கையின் பிரதியை எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் எதுவும் இல்லை.