பாக்கெட் சைஸ் ரிங் பைண்டர் ஆன்லைன்ல வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க

எனக்கு இன்டீரியர் சைட் சூப்பர்விஷன் வேலை. ஒரே நேரத்துல நாலு அஞ்சு வீடு ஓடிட்டு இருக்கும், பெரும்பாக்கத்துல ஒரு ஃபிளாட், போரூர்ல ஒண்ணு, மடிப்பாக்கத்துல தனி வீடு ஒண்ணுன்னு. ஒவ்வொரு வீட்டுக்கும் அளவு, லாமினேட் நம்பர், எலக்ட்ரீஷியன் கேட்ட பாயின்ட், ஓனர் கடைசி நேரத்துல மாத்தினதுன்னு எழுதி வைக்க வேண்டியது நிறைய. போன்ல நோட் பண்ணலாமேன்னு கேப்பீங்க, பிளைவுட் தூளும் ஃபெவிகாலும் ஒட்டின கையோட வெயில்ல ஸ்க்ரீனைத் தேய்ச்சுப் பாருங்க அப்புறம் தெரியும். சாதா நோட்டுல எழுதினா நாலு வீட்டு கணக்கும் கலந்து போயிடுது, வீட்டுக்கு ஒரு நோட்டுன்னா தூக்கிட்டு அலைய முடியல. அதனால பக்கத்தைக் கழட்டி மாட்டுற மாதிரி, குர்த்தி பாக்கெட்ல அடங்குற சைஸ்ல ஒரு ரிங் பைண்டர் வேணும்னு ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன். வேலை முடிஞ்ச வீட்டுப் பக்கங்களை எடுத்து ஃபைல்ல போட்டுட்டு புது வீட்டுக்கு இடம் விடலாம், அதான் எனக்கு வேண்டியது.

இன்ஸ்டால ஒரு ஸ்டேஷனரி பேஜ். போட்டோ எல்லாம் அவ்ளோ அழகு. "பாக்கெட் சைஸ், ஆறு ரிங், ஒரிஜினல் லெதர், யுனிவர்சல் ரீஃபில்"னு போட்டிருந்தாங்க. பைண்டர் 1,150 ரூபாய், ரீஃபில், அதாவது உள்ள மாட்டுற ஓட்டை போட்ட பேப்பர், ஒரு கட்டு 240. மூணு ரீஃபில் சேர்த்து எடுத்தேன், கூரியர் 80, மொத்தம் 1,950. கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, முன்னாடியே ஜிபே பண்ணணும். அப்பவே எனக்கு உறுத்திச்சு, ஆனா ஃபாலோயர்ஸ் நிறைய இருந்ததைப் பாத்து நம்பிட்டேன்.

பன்னெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. லெதர்னு சொன்னது ரெக்ஸின், மடிக்கிற இடத்துல முதல் வாரமே உரிய ஆரம்பிச்சிடுச்சு. அதைக்கூட விட்டுத் தொலைக்கலாம். வந்த அன்னிக்கே ரீஃபில் பேப்பரை மாட்டப் போனா மேல மூணு ஓட்டை ரிங்ல போகுது, கீழ மூணும் போகவே இல்ல, பேப்பரும் கவரை விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது.

எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. சைட்ல இருந்த ஆசாரி அண்ணன் தான் டேப் வெச்சுப் பாத்துட்டு, "மேடம் இது ரெண்டும் வேற வேற கணக்கு, நடுவுல இருக்கிற கேப்பைப் பாருங்க"ன்னு காட்டினாரு. அதுக்கப்புறம் தான் உக்காந்து தேடிப் படிச்சேன். ஆறு ஓட்டைன்னு சொன்னாலே எல்லாம் ஒண்ணு கிடையாது. பாக்கெட் சைஸ், அதாவது 80 க்கு 120 மிமீ சொச்சம் இருக்கிறதுல, ஆறு ஓட்டையும் 19 மிமீ இடைவெளியில வரிசையா சமமா இருக்கும். அதை விடப் பெரிய பெர்சனல் சைஸ், 95 க்கு 171 மிமீ, அதுல மேல மூணு கீழ மூணுன்னு ரெண்டு செட், செட்டுக்குள்ள அதே 19 தான் ஆனா ரெண்டு செட்டுக்கும் நடுவுல 51 மிமீ கேப். ஏ6னு விக்கிற ஆறு ஓட்டை பேப்பர்ல பெரும்பாலும் இந்த 51 கணக்கு தான் வருது. ஏ5 ன்னா நடு கேப் 70. என்கிட்ட வந்த பைண்டர் சம இடைவெளி, ரீஃபில் 51 கேப். ஒரே கடை, ஒரே ஆர்டர், ஒரே பார்சல், யுனிவர்சல்னு பேரு. நம்ம ஆபீஸ்ல இருக்கிற சாதா பஞ்சிங் மெஷின்ல ரெண்டு ஓட்டை 80 மிமீ தள்ளி விழும், அதால குத்தியும் இதுக்குப் பிரயோஜனம் இல்ல.

மெசேஜ் போட்டா ரெண்டு நாள் கழிச்சு, "கீழ மூணு ஓட்டையை கத்தரியால வெட்டி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்"னு பதில். ரிட்டர்ன் கேட்டா "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா"ன்னு கேட்டாங்க. யாருங்க ஒரு நோட்டுக்கு வீடியோ எடுப்பா. ஸ்கேல் பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்து அனுப்பினேன், பாத்துட்டு பதிலே இல்ல. அவங்க போஸ்ட்டுக்குக் கீழ நடந்ததைக் கமென்ட்டா போட்டேன், டெலீட் பண்ணிட்டு பிளாக் பண்ணிட்டாங்க.

சரி காசு போச்சு, பைண்டராவது உபயோகப்படட்டும்னு பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல ஒரு பேப்பர் கடையில கொஞ்சம் தடியான 100 ஜிஎஸ்எம் பேப்பரை சைஸுக்கு வெட்டி வாங்கி, ஒத்த ஓட்டை பஞ்ச்சால ஒவ்வொண்ணா குறிச்சு குத்தி மாட்டினேன். ரெண்டு சாயங்காலம் போச்சு. அப்புறம் தான் பெரிய அடி. அந்த ரிங் ரெண்டு பாதியும் சரியா சேரல, ரெண்டாவது ரிங்ல ஒரு முடி அளவு சந்து, அஞ்சாவது ஒண்ணுக்கொண்ணு ஏறி நிக்குது. பக்கம் புரட்டும்போதெல்லாம் ஓட்டை கிழியுது. ஒரு நாள் போரூர் சைட்ல படி ஏறி இறங்கினதுல கிச்சன் அளவு எழுதின பக்கம் எங்கயோ உருவி விழுந்திடுச்சு. எல்லா கேபினெட் அளவும் அதுல தான். ஓனர் வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க, சாவி வர்ற வரைக்கும் ரெண்டு ஆசாரிக்கு அரை நாள் வேலை நின்னுச்சு, கூலியை நான் தான் கையில இருந்து குடுத்தேன். அவங்க மேல தப்பே இல்ல, அவங்க வயித்துல அடிக்க முடியுமா. அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல.

இந்த மாதிரி பைண்டரே ஆரம்பத்துல இன்ஜினியர்களுக்காக வந்தது தான், 1910 வாக்குல அமெரிக்காவுல பிலடெல்பியால லெஃபாக்ஸ்ங்கிற பேர்ல, கையில வெச்சிருக்க வேண்டிய டெக்னிக்கல் ஷீட்டையெல்லாம் கழட்டி மாட்டுறதுக்காகவே பண்ணினாங்க. அதனால சைட் வேலைக்கு இது ஒத்து வராதுன்னு சொல்ல மாட்டேன். நல்லதா அமைஞ்சா இதை விட வசதி எதுவும் இல்ல, எனக்கு இப்பவும் அந்த எண்ணம் தான்.

வாங்குறவங்க காசு அனுப்புறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்ச போட்டோ கேளுங்க, ஓட்டையோட நடுவுல இருந்து அடுத்த ஓட்டையோட நடு வரைக்கும் எவ்ளோன்னு. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில 19 ஆ 51 ஆங்கிறது தான் முக்கியம், ரீஃபிலுக்கும் தனியா அதே போட்டோ கேளுங்க. ரிங்கோட உள் விட்டம் எவ்ளோன்னும் கேளுங்க, ரொம்ப சின்னதா இருந்தா நாலு ப்ராஜெக்ட்டும் அதைப் பிரிக்கிற டிவைடர் அட்டையும் அடங்காது. ரிங்கை மூடி வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்க, சந்து இருந்தா தெரிஞ்சிடும். கையில வாங்குறதா இருந்தா மூடின இடத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க, தட்டக் கூடாது. இதெல்லாம் கேட்டா எரிச்சல்படுற ஆள்கிட்ட வாங்கவே வேண்டாம்.

ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்களுக்கு: 2020ல வந்த இ-காமர்ஸ் விதிகள்படி, விளம்பரத்துல சொன்னதுக்கு மாறா பொருள் வந்தா திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கிறவங்க சொல்லக் கூடாது, காசையும் தர மறுக்கக் கூடாது. புகார் குடுத்தா 48 மணி நேரத்துக்குள்ள வந்து சேந்துச்சுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். நான் 1915க்குப் போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சேன், ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டு, அவங்க போட்ட விளம்பரம், ஸ்கேல் போட்டோ, அந்த "வெட்டிக்கோங்க" மெசேஜ் எல்லாம் சேர்த்து. விளம்பரத்தை அன்னிக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சது நல்லதாப் போச்சு, ஏன்னா இப்ப அந்த போஸ்ட்ல "யுனிவர்சல்"ங்கிற வார்த்தையையே எடுத்துட்டாங்க.

புகார் பதிஞ்சு பதினோராவது நாள் ரீஃபிலுக்கான 720 ரூபாய் மட்டும் எந்தப் பேச்சும் இல்லாம அக்கவுன்ட்ல வந்து விழுந்துச்சு. பைண்டர் காசு இன்னும் வரல. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன், இந்த மாசக் கடைசி வரைக்கும் பாத்துட்டு அங்க போடப் போறேன், ஆசாரிங்களுக்குக் குடுத்த கூலியையும் சேத்துக் கேப்பேன். என்ன ஆச்சுன்னு இங்கயே வந்து எழுதுறேன்.