பிளான்சியஸா, ஃப்ராமா? அண்டார்டிகாவுக்கு நாங்கள் ஏறிய கப்பல்

செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு அண்டார்டிகா எதற்கு என்று மலேசியாவில் எங்கள் ஊரான தெலுக் இந்தானில் பலரும் கேட்டாயிற்று. அந்தக் கதை இங்கே வேண்டாம். சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்தோம், நானும் மனைவியும் போய் வந்தோம். இப்போது கேட்பவர்கள் எந்தக் கப்பலில் போகலாம் என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் பட்டியலில் இருந்தவை மூன்று: பிளான்சியஸ், ஃப்ராம், ரோல்ட் அமுண்ட்சென். ஏறியது பிளான்சியஸ். மற்ற இரண்டிலும் நான் கால் வைத்ததில்லை. அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்ததும் விசாரித்ததும்தான்.

ரோல்ட் அமுண்ட்செனை முதலிலேயே கழித்துவிட்டோம். 2019-இல் நார்வேயில் கட்டி முடித்த 140 மீட்டர் கப்பல். டீசல் இயந்திரங்களுக்குத் துணையாகப் பெரிய பேட்டரிகளும் உண்டு. புதுசு, அழகு, எல்லாம் சரி. ஆனால் ஐந்நூறு பேர் வரை ஏறலாம். அது ஏன் ஆகாது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மிச்சம் இரண்டு. ஃப்ராம் 2007-இல் இத்தாலியின் மோன்ஃபால்கோனே கட்டுதளத்தில், துருவப் பயணத்துக்கென்றே கட்டிய கப்பல். 114 மீட்டர் நீளம். நார்வேயின் துருவ ஆய்வாளர்கள் நான்சனும் பிறகு அமுண்ட்செனும் துருவங்களுக்குக் கொண்டுபோன மரக்கப்பலின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். பிளான்சியஸுக்கு இப்படி ராஜவம்சம் எதுவும் கிடையாது. 1976-இல் டச்சுக் கடற்படைக்காகக் கடல் ஆய்வுக் கப்பலாகக் கட்டப்பட்டது. அப்போது பெயர் டைடெமன். 2004 வரை கடற்படையில் ஓடியது. அப்புறம் ஒரு பயண நிறுவனம் வாங்கி, உள்ளே அடியோடு மாற்றி, 2009-இல் பயணிகள் கப்பலாக இறக்கியது. 89 மீட்டர்தான்.

எங்கள் வீட்டில் சண்டையே இந்த 1976-ஆல்தான். "மாமா, நான் பொறக்குறதுக்கு முன்னாடி கட்டின கப்பல். இதுலயா அத்தையைக் கூட்டிட்டுப் போறீங்க?" என்றான் அக்கா மகன். அவனுக்குப் பாய்லரை வைத்துத்தான் பதில் சொன்னேன். ஆலையில் எங்கள் பாய்லர் அவனைவிட மூத்தது. குறித்த காலத்தில் அணைத்து, ஆறவிட்டு, திறந்து வைப்போம். அரசாங்க அதிகாரி உள்ளே புகுந்து குழாய்களைத் தட்டிப் பார்த்து, சான்றிதழ் கொடுத்தால்தான் மறுபடி நெருப்பு. பயணிகள் கப்பலுக்கும் அதே கதைதான்: பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஆயுள் கிடையாது, கப்பலைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கும் கணக்கு உண்டு. கட்டிய ஆண்டைவிட, நடுவில் யார் எதைத் திறந்து பார்த்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வயது ஒன்றுமே இல்லை என்று சாதிக்கவும் முடியாது. 1969-இல் கட்டிய எக்ஸ்ப்ளோரர், இந்தத் தொழிலுக்கே மூத்த கப்பல், 2007 நவம்பர் 23 அன்று அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவுக்குப் பக்கத்தில் பனியில் மோதி மூழ்கியது. நல்ல வேளையாக 154 பேரும் உயிர் தப்பினார்கள். ஆனால் அடுத்த மாதமே என்ன நடந்தது பாருங்கள். டிசம்பர் 28 அன்று, அந்த ஆண்டுதான் கடலுக்கு வந்த ஃப்ராம், பிரவுன் பிளஃப் பக்கத்தில் மின்சாரம் போய், ஓட்டம் நின்று, மிதந்துபோய்ப் பனிச்சுவரில் இடித்தது. உயிர்ப்படகு ஒன்று நசுங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்ம பிளான்சியஸும் உத்தமன் இல்லை. 2012 மார்ச்சில் இயந்திரக் கோளாறால் தெற்கு ஜார்ஜியாவின் கிரிட்விக்கனில் கட்டிக் கிடந்தது. பயணிகளை வேறு கப்பல் வந்து ஏற்றிப் போனது. ஆக, கிழமும் படுக்கும், புதுசும் படுக்கும். இந்தக் கணக்கில் இரண்டில் எதையும் என்னால் தள்ள முடியவில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது தலைக்கணக்கு. அண்டார்டிகாவில் ஒரு கரையில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியாவது கூட இருக்க வேண்டும். ஐந்நூறுக்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. பிளான்சியஸில் சுமார் நூற்றுப் பத்துப் பேர். முழங்கால் வலி, வாந்தி என்று அறையிலேயே தங்கிவிடுபவர்களைக் கழித்தால், ஏறக்குறைய மொத்தக் கப்பலும் ஒரே தடவையில் கரையில் இருக்கலாம். ஃப்ராமில் இருநூறு பேரளவுக்கு வருவார்கள் என்று சொன்னார்கள். அப்படியென்றால் குழு பிரிக்க வேண்டும். பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் ஜன்னலோரத்தில். ஐந்நூறு பேர் கப்பலில் உங்கள் முறை எப்போது வரும் என்பதை நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். அங்கே காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பனிமலையிலிருந்து இறங்கியதென்றால், நம்மைக் கரைக்கு ஏற்றிப்போகும் ரப்பர் படகுகளை நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது குழுவுக்கு அந்த இடம் அவ்வளவுதான். முதல் குழுவிலேயே இருந்தாலும் அடுத்த குழுவுக்காகச் சீக்கிரம் கிளம்பியாக வேண்டும். கியூவர்வில் தீவில் எங்களுக்கு அந்த அவசரம் இல்லை. பென்குயினிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வார்கள். சரி என்று ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்துவிட்டோம். ஜென்டூ பென்குயின் ஒன்று கூட்டுக்குக் கூழாங்கல் கொண்டுவந்து வைக்கும், குனிந்து வணங்குகிற மாதிரி தலையை ஆட்டும், அடுத்த கல்லுக்குப் போகும். அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், பக்கத்துக் கூட்டுக்காரன் வந்து அதே கல்லைக் கவ்விக்கொண்டு நடப்பான். ஒரே கல் மூன்று கூடு மாறியதை என் மனைவி விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்துவிட்டு ஓடுகிற ஆளுக்கு இது கண்ணில் படாது.

கரையிறங்கும் முன் நடக்கும் சோதனைக்கும் நேரம் வேண்டும். சட்டைப் பை, பையின் மடிப்பு, ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) எல்லாவற்றையும் தூசி உறிஞ்சியால் இழுத்து, விதை இருக்கிறதா என்று துருவுவார்கள். என் பையின் ஒட்டுப்பட்டையில் ஏதோ புல்லின் விதை, தீம்பாரிலிருந்தே, அதாவது எங்கள் தோட்டப்புறத்திலிருந்தே, கூட வந்திருக்கிறது. வழிகாட்டிப் பெண் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கரைக்குச் சாப்பாடும் கொண்டுபோகக் கூடாது. நெத்திலிச் சம்பல் போத்தல் அறையிலேயே கிடந்தது.

ஃப்ராம் ஜெயிக்கிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பனியைத் தாங்கும் தரத்தில் ஃப்ராம் 1பி, பிளான்சியஸ் 1டி. அதாவது ஃப்ராம் உரம் கூடியது. கோடையில் எங்கள் வழியில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பனி விலகாத நவம்பரில் தெரியலாம். வேகத்திலும் பிளான்சியஸ் மெதுவான ஆள். மணிக்கு 10, 12 கடல் மைல் என்று உருட்டும். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் உள்ள டிரேக் நீரிணையைக் கடக்க எப்படியும் இரண்டு நாள் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழ்த்தளத்து அறைகளுக்கு வட்டச் சன்னல்தான். ஃப்ராமில் மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி உண்டு. எங்களுக்கு வெந்நீர் குழாயில் மட்டும்.

ஆட்டம்தான் உண்மையான இழப்பு. டிரேக்கில் சூப் கிண்ணத்தை ஒரு கை பிடிக்க, மறு கை மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. என் மனைவி போகும்போது இரண்டு நாளும் படுக்கையைவிட்டு எழவில்லை. நீளமான கப்பலில் இது குறைவு என்கிறார்கள், நம்பத்தான் தோன்றுகிறது. எங்கள் பக்கத்து லூமுட்டிலிருந்து பங்கோர் தீவுக்குப் போகிற ஃபெரியிலேயே தலை சுற்றுகிற ஆளாக இருந்தால், நான் இவ்வளவு சொன்னதையும் ஒதுக்கிவிட்டு ஃப்ராமையே விசாரியுங்கள். பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்தத் தேதியில் எத்தனை பயணிகள், எத்தனை குழுவாக இறக்குவார்கள் என்று.