நடுத்தர விலை மடிக்கணினி: எங்கே கை வைத்திருக்கிறார்கள்?

நடுத்தர விலை மடிக்கணினி எதை எடுத்தாலும் தயாரிப்பாளர் ஏதோ ஓரிடத்தில் கை வைத்திருப்பார். இந்த விலையில் எல்லாவற்றையும் உயர்தரமாகக் கொடுத்துவிட முடியாது. அதனால் எது வேகமானது என்று கேட்பதைவிட, எதில் குறைத்திருக்கிறார்கள், அந்தக் குறையைப் பிற்பாடு நாமே சரிசெய்துகொள்ள முடியுமா என்று கேட்பதுதான் பயன்தரும். போட்டியில் இருப்பவை மூன்று வகைகள்: கைக்கு அடக்கமான மெல்லியது, சற்றே தடித்த சாதாரண மடிக்கணினி, தொடக்கநிலை கேமிங் மடிக்கணினி.

மெல்லிய வகையின் கவர்ச்சி உடனே புரிந்துவிடும். 14 அங்குலத் திரை, உலோக உடல், ஒரு கையால் தூக்கிவிடலாம். 60 முதல் 75 வாட்-மணி வரையிலான பேட்டரி இதில் கிடைக்கிறது. எழுத்து வேலைக்குச் சராசரியாக 7 வாட் செலவானால், 70 வாட்-மணி பேட்டரி 10 மணி நேரம் தாங்கும். தடித்த சாதாரண வகையிலோ பெரும்பாலும் 42 வாட்-மணி அளவில்தான் வைக்கிறார்கள். அதே வேலைக்கு 6 மணி நேரம். சார்ஜர் இல்லாமல் நாள் முழுவதும் வெளியே இருப்பவருக்கு இந்த வேறுபாடு ஒன்றே முடிவைச் சொல்லிவிடும்.

ஆனால் மெல்லிய வகையில் கை வைக்கும் இடம் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். என் முந்தைய மடிக்கணினி இந்த வகைதான், 8 ஜிபி ரேம். இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில், பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப்கள் திறந்திருக்கும்போது வீடியோ அழைப்பு வந்தால், எதிரே பேசுபவரின் உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். ரேம் கூட்டிவிடலாம் என்று பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஸ்லாட்டே இல்லை. மதர்போர்டோடு பற்றவைத்த நான்கு கறுப்புச் சில்லுகள், அவ்வளவுதான். செயலி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியையே மாற்ற வேண்டியதாயிற்று.

பற்றவைத்த ரேமுக்கு நியாயமான காரணமும் உண்டு. அவை குறைந்த மின்சாரத்தில் அதிக வேகம் தருகின்றன, இடத்தையும் மிச்சப்படுத்துகின்றன. திரையில் படம் வரையத் தனி கிராஃபிக்ஸ் சில்லு இல்லாத கணினியில், கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது என்பதால் அந்த வேகம் வீண்போவதில்லை. ஆகவே மெல்லிய வகையை ஒதுக்கச் சொல்லவில்லை. வாங்கும் நாளிலேயே 16 ஜிபி இருக்க வேண்டும் என்கிறேன். 8 ஜிபியோடு பற்றவைத்து வருவதை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

தடித்த வகை இந்த இடத்தில் வெல்கிறது. பலவற்றில் ரேம் ஸ்லாட் இருக்கும். சிலவற்றில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி இன்னொன்றுக்கும் இடம் இருக்கும். ஒரே ஒரு ரேம் செருகி வந்திருந்தால், இரண்டாவதைச் சேர்த்ததும் ரேமுக்கும் செயலிக்கும் இடையே தரவு போகும் இரண்டு சேனல்களும் திறந்துகொள்ளும். அளவு கூடுவதோடு கிராஃபிக்ஸின் வேகமும் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும்.

அதன் பலவீனம் திரை. விவரக்குறிப்பில் 'முழு எச்டி' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். '45 விழுக்காடு என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்' என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள், நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. எஸ்ஆர்ஜிபி கணக்கில் பார்த்தால் அந்த 45 விழுக்காடு மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாத நிறவளம். செம்பருத்திப் பூவின் படத்தைத் திறந்துபாருங்கள், செங்கல் நிறமாகத் தெரியும். சன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்தைவிட நம் முகம்தான் திரையில் தெளிவாகத் தெரியும். மெல்லிய வகையில் 100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி, 300 முதல் 400 நிட்ஸ் வரை எளிதில் கிடைக்கிறது. 1920க்கு 1080 என்பதற்குப் பதிலாக 1920க்கு 1200 புள்ளிகள் கொண்ட உயரமான திரையும் வருகிறது. அந்த 120 வரிகள், நீண்ட ஆவணம் படிப்பவருக்குப் பெரிய ஆறுதல். புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிரும் ஓலெட் திரை இன்னும் அழகு. ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல ஓலெட் திரைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்குகின்றன. சிலருக்கு அது தலைவலி தருகிறது.

செயலியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: பெரிய எண்ணை நம்ப வேண்டாம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் 7520யு, 7530யு, 7640யு ஆகிய மூன்றும் 'ரைசன் 5' என்ற பெயரில்தான் வருகின்றன. உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்பதை மூன்றாம் இலக்கம்தான் சொல்லும். ஏஎம்டி தன் செயலிக் கட்டமைப்புகளுக்கு ஜென் என்று பெயர் வைத்திருக்கிறது: முதலாவது ஜென் 2, அடுத்தது ஜென் 3, கடைசியது ஜென் 4. முதலாவதன் கட்டமைப்பு 2019இல் அறிமுகமானது. கடைசியதன் கட்டமைப்பு 2022இல் வந்தது.

கேமிங் வகையின் பலம் தனி கிராஃபிக்ஸும் பெரிய குளிர்விப்பானும். முப்பரிமாண வடிவமைப்பு, வீடியோ தொகுப்பு, விளையாட்டு என்றால் வேறு வழியில்லை. ஆனால் ஆர்டிஎக்ஸ் 4050 என்ற கிராஃபிக்ஸ் சில்லின் பெயரைப் பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. அதே சில்லை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எத்தனை வாட் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. எழுத்து, கணக்கு, வகுப்பு இவற்றுக்காக மட்டும் இதை வாங்குவோர், மின்விசிறியின் இரைச்சலையும் செங்கல் கனத்தில் ஒரு சார்ஜரையும் காரணமில்லாமல் சுமக்கிறார்கள்.

தினமும் பையில் எடுத்துச் செல்பவருக்கு 16 ஜிபியோடு வரும் மெல்லிய வகையையே பரிந்துரைப்பேன். மேசையை விட்டு அதிகம் நகராதவருக்குத் தடித்தது போதும். நான் இப்போது வைத்திருப்பதும் அதுதான். போன மாதம் பின்மூடியைத் திறந்து இரண்டாவது ரேமைச் செருகினேன், பத்து நிமிட வேலை. அதன் வெளிறிய திரையை மட்டும் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. 24 அங்குல மானிட்டர் ஒன்றை இணைத்து, அதில்தான் இதை எழுதுகிறேன்.