அட்லாண்டா கோகோ கோலா மியூசியம்: உள்ளே போவதற்கு முன்பே பணத்தைப் பிடுங்குகிறார்கள்

கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்ததும் அட்லாண்டா கிளம்புகிறவர்கள் கவனிக்க. அக்வேரியமும் கோக் மியூசியமும் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பது எல்லோரும் போடும் கணக்கு. அந்தக் கணக்கு சரிதான். ஆனால் டிக்கெட் வாங்கும் இடத்திலும், வண்டி நிறுத்தும் இடத்திலும், பழைய பாட்டில் என்று எதையாவது வாங்கும் இடத்திலும் நம் ஆட்கள் தொடர்ந்து ஏமாறுகிறார்கள். மியூசியத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதைச் சுற்றிப் பிழைப்பு நடத்துகிறவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் டிக்கெட். கூகுளில் ‘கோக் மியூசியம் அட்லாண்டா டிக்கெட்’ என்று தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே போனால் மியூசியத்தின் சிவப்பு நிறம், அதே சாய்வெழுத்து, வாசலின் படம் எல்லாம் அசல் போலவே இருக்கும். ‘இந்த விலைக்கு இன்னும் 4 டிக்கெட்தான்’ என்று ஒரு வரியும், பத்து நிமிடத்திலிருந்து இறங்கும் ஒரு கடிகாரமும் சேர்ந்திருக்கும். பக்கத்தை மூடி மறுபடி திறந்தால் அதே கடிகாரம் மறுபடி பத்தில் தொடங்கும். அந்த ஒன்றே போதும், வெளியே வந்துவிடலாம்.

மியூசியத்தின் சொந்தத் தளத்தின் முகவரி ‘வேர்ல்ட் ஆஃப் கோகோ கோலா டாட் காம்’. ஆங்கிலத்தில் எல்லாம் சேர்த்து எழுதி, கோகோவுக்கும் கோலாவுக்கும் நடுவில் மட்டும் ஒரு சின்னக் கோடு இருக்கும். ‘அட்லாண்டா’, ‘டிக்கெட்ஸ்’, ‘டூர்ஸ்’ என்று முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒட்டியிருந்தால் அது இடைத்தரகர் தளம். தரகர் என்றாலே திருடன் என்றில்லை. பெயர் பெற்ற சுற்றுலாத் தளங்களும் இந்த டிக்கெட்டை விற்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

இந்த மியூசியத்துக்கு நாளும் நேரமும் குறித்துத்தான் டிக்கெட். தரகர் பல சமயம் தருவது டிக்கெட்டே இல்லை, வவுச்சர். அதைக் கவுன்டரில் காட்டி நேரம் வாங்க வேண்டும். ஜூலை சனிக்கிழமை மதியம் போய் நின்றால் அந்த நேரம் நிரம்பியிருக்கும், மாலைக்குத்தான் கிடைக்கும். அதற்குள் அக்வேரியத்துக்குக் குறித்த நேரம் போய்விடும். வாங்கும்போதே பாருங்கள்: உறுதி மின்னஞ்சலில் பார்கோடும் நுழைவு நேரமும் இருந்தால் டிக்கெட். ‘ரிடீம்’, ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற சொற்கள் இருந்தால் வவுச்சர்.

‘ஸ்கிப் தி லைன்’ என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாசலில் நீளமாக இருப்பது பாதுகாப்புச் சோதனை வரிசை. பையைத் திறந்து காட்ட எல்லோரும் அதில்தான் நிற்க வேண்டும். ஆன்லைனில் நேரம் குறித்து வாங்கிய எவருக்கும் டிக்கெட் கவுன்டர் வரிசை ஏற்கெனவே இல்லை. இல்லாத வரிசையைத் தாண்டுவதற்குக் காசு வாங்குகிறார்கள்.

‘ஃபேக்டரி டூர்’ என்று விற்பது இன்னொன்று. இது தொழிற்சாலை இல்லை. கேலரிகள், ஒரு திரையரங்கு, பனிக்கரடியோடு படம் எடுக்கும் இடம், ரகசியச் செய்முறையின் பெட்டகம், சுவைத்துப் பார்க்கும் கூடம், கடைசியில் கடை. அவ்வளவுதான். அவரவர் நடையில் சுற்றி வர இரண்டு மணி நேரம் ஆகும். ‘ரகசிய ஃபார்முலாவைப் பார்க்கலாம்’ என்று ஒரு தளம் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 1925 முதல் அட்லாண்டா வங்கிப் பெட்டகத்தில் இருந்த அந்தக் காகிதம் 2011 டிசம்பரில் இங்கே வந்தது உண்மை. நீங்கள் பார்ப்பது பெட்டகத்தின் கதவை மட்டும்தான்.

விலையில் ஒரு நுணுக்கம். அமெரிக்காவில் காட்டும் விலை வரிக்கு முந்தையது. அட்லாண்டா நகரில் விற்பனை வரி 8.9%. கடைசிப் பக்கத்தில் அந்த அளவு ஏறினால் அது வரி. 20, 25 சதவீதம் ஏறினால் ‘சர்வீஸ்’, ‘புராசஸிங்’ என்ற பெயரில் தரகர் எடுப்பது. நான்கு பேர் குடும்பத்துக்கு அது கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட். இரண்டு வயது வரையான குழந்தைக்கு டிக்கெட்டே தேவையில்லை, ஆனாலும் சில தளங்கள் ‘இன்ஃபன்ட்’ என்று தனியாக ஒரு டிக்கெட் வகை வைத்து அதற்கும் வாங்கிவிடுகின்றன.

இதைவிட மோசமானது வாட்ஸ்அப் குழுவில் வருவது. ‘திடீரென்று பயணம் ரத்து, 4 டிக்கெட் மீதி, பாதி விலை, ஸெல் பண்ணினால் போதும்’ என்று வரும். ஸெல் (Zelle) என்பது அமெரிக்க வங்கிக் கணக்குகளுக்கு இடையே உடனே பணம் அனுப்பும் வசதி. தமிழில் வந்தால் நம்பிக்கை கூடுகிறது, அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பார்கோடு ஒருமுறை வாசலில் படிக்கப்பட்டால் முடிந்தது, இரண்டாவதாக வருபவருக்குத் திரை சிவப்பாகும். ஒரே படத்தை ஐந்து பேருக்கு விற்றிருந்தால், முதலில் போனவர் தவிர மற்ற நான்கு பேரும் குழந்தைகளோடு வெயிலில் நிற்பார்கள். முகம் தெரியாதவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அடுத்தது, போகும் இடம். மியூசியம் இருப்பது பெம்பர்ட்டன் பிளேஸில், 121 பேக்கர் ஸ்ட்ரீட். 2007 மே மாதம் இங்கே திறந்தார்கள். அதற்கு முன் 1990 முதல் அண்டர்கிரவுண்ட் அட்லாண்டா பக்கம் இருந்தது. பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் அந்த இடமே கிடக்கிறது. மேப்பில் வெறுமனே ‘கோகோ கோலா’ என்று அடித்தால் நார்த் அவென்யூ தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கே பார்வையாளருக்கு ஒன்றுமில்லை, காவலர் திருப்பி அனுப்புவார். லாஸ் வேகாஸில் ‘கோக் மியூசியம்’ என்று டூர் பொட்டலத்தில் சேர்த்தால் உஷார். அங்கே 1997இல் திறந்த மியூசியம் 2000த்திலேயே மூடப்பட்டது. ராட்சத பாட்டில் வைத்த கட்டடத்தில் இப்போது இருப்பது கடை. உள்ளே போக யாரும் காசு கேட்பதில்லை. பல நாட்டுப் பானங்களைச் சின்னக் கோப்பைகளில் அடுக்கித் தரும் தட்டுக்கு மட்டும்தான் விலை.

இனி பார்க்கிங். டிக்கெட்டில் போவதைவிட இங்கேதான் அதிகம் போகிறது. மியூசியத்தின் சொந்த நிறுத்தத்துக்கு ஐவன் ஆலன் ஜூனியர் புலவார்டு பக்கமிருந்து நுழைய வேண்டும். அக்வேரியத்துக்குத் தனிக் கட்டடம். இவற்றை விட்டுவிட்டுப் பத்து டாலர் மிச்சம் பிடிக்கச் சுற்றியுள்ள திறந்தவெளித் தனியார் லாட்டுகளுக்குள் (வண்டி நிறுத்தும் மைதானங்களுக்குள்) போனால் மூன்று விதமாக அடிபடலாம்.

ஒன்று, மஞ்சள் மேலுடுப்பு போட்டு, கையில் கொடி வைத்து, ‘இருபது டாலர், கேஷ்’ என்று கூப்பிடும் ஆள். பக்கத்திலேயே மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியமும் ஸ்டேட் ஃபார்ம் அரங்கும் இருப்பதால் ஆட்ட நாட்களில் உண்மையான ஆட்களும் இப்படித்தான் நிற்பார்கள், போலியும் அப்படியே நிற்பான். அந்த லாட்டில் மெஷினோ ஆப் எண் போட்ட பலகையோ இருந்தால் அதில் மட்டும் கட்டுங்கள். அவன் கையில் கொடுத்த பணம் லாட்டின் கணக்கில் ஏறாது. திரும்பி வரும்போது சக்கரத்தில் பூட்டு போட்டிருக்கும்.

இரண்டு, கியூஆர் ஸ்டிக்கர். கட்டண மெஷின் மேல் யாரோ ஒட்டிவிட்டுப் போன கியூஆரை ஸ்கேன் செய்தால் கார்டு எண் கேட்கும் பக்கம் வரும். பணமும் போகும், கார்டும் போகும், பார்க்கிங்கும் பதிவாகாது. விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பலகையோடு அச்சானது சமமாக இருக்கும், மேலே ஒட்டியது நகத்தில் தடுக்கும். இன்னும் நல்லது, ஸ்கேன் செய்யாமல் பலகையில் பெயர் போட்டிருக்கும் ஆப்பை ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்து, லாட் எண்ணைக் கையால் அடிப்பது.

மூன்றாவதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை, ஆனால் வலி அதேதான். இரண்டு லாட்டுகள் வேலியில்லாமல் ஒட்டி இருக்கும். நீங்கள் பணம் கட்டியது இந்த எண்ணுக்கு, வண்டி நிற்பது அந்த எண்ணில். அல்லது நம்பர் பிளேட்டில் பூஜ்ஜியத்துக்குப் பதில் ‘ஓ’ எழுத்தை அடித்திருப்பீர்கள். கேமராவுக்கு நீங்கள் கட்டாதவர். வாடகை கார் என்றால் நோட்டீஸ் அந்த நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு கட்டணம் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். பணம் கட்டியதும் பலகை எண், பிளேட், ரசீது மூன்றும் தெரிய ஒரு படம் எடுத்து வைத்தால் மறுத்துப் பேச ஆதாரம் இருக்கும். சூட்கேஸைப் பின்சீட்டில் தெரியும்படி விடாதீர்கள். இந்தப் பகுதியில் கண்ணாடி உடைப்பு சாதாரணம்.

வயதானவர்களோடு விமான நிலையத்திலிருந்து நேராக வருபவர்களுக்கு அட்லாண்டாவின் நகர ரயிலான மார்ட்டா இருக்கிறது. சிவப்பு அல்லது தங்க நிறத் தடம், பீச்ட்ரீ சென்டர் நிலையம், ஒரு பயணம் 2.50 டாலர். அங்கிருந்து கால் மணி நேர நடை. நிலையம் ஆழத்தில் இருப்பதால் எஸ்கலேட்டர் மிக நீளம். முழங்கால் வலி உள்ளவர்களை லிஃப்ட் பக்கம் அழைத்துப் போங்கள்.

உள்ளே போனபின் ஏமாற்று எதுவும் இல்லை. எதிர்பார்ப்பை மட்டும் சரிப்படுத்திக்கொள்ளுங்கள். காசு கொடுத்து விளம்பரம் பார்க்கிறோம் என்று சொல்பவர்கள் உண்டு, அது பொய்யில்லை. ஆனால் சுவைக் கூடம் நிஜமாகவே நன்றாக இருக்கும். பல நாடுகளின் நூற்றுக்கும் மேற்பட்ட பானங்கள், வேண்டிய மட்டும் பிடித்துக் குடிக்கலாம். கோப்பையில் ஒரு விரல் உயரத்துக்கு மேல் பிடிக்காதீர்கள். 12 அவுன்ஸ் கோக்கில் 39 கிராம் சர்க்கரை. குழந்தைகள் அதைப் பத்து நிமிடத்தில் தாண்டிவிட்டு, சாயங்காலம் ஹோட்டலில் வாந்தி எடுக்கும். சர்க்கரை நோய் உள்ள அப்பாக்களைக் கண்ணில் வைத்திருங்கள். இத்தாலியின் ‘பெவர்லி’ கசப்பு என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள், அதை முதலில் குடித்தால் அடுத்த நான்கு பானத்தின் ருசி தெரியாது. தரை ஒட்டும், நல்ல செருப்பு வேண்டாம்.

மியூசியம் பார்த்த சூட்டோடு பழைய பாட்டில் மோகம் பிடித்துக்கொள்ளும். வெளியே பழம்பொருள் சந்தையிலும் ஆன்லைனிலும் விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பாட்டிலில் ‘பேட்டன்ட் டிச. 25, 1923’ என்று புடைத்திருக்கும், ‘நூறு வருஷப் பாட்டில்’ என்று நூறு டாலர் கேட்பார்கள். அந்தத் தேதி வடிவமைப்பின் காப்புரிமைத் தேதி, பாட்டில் செய்த தேதி இல்லை. அப்படிப் புடைத்தவை 1920களின் கடைசியிலிருந்து 1930களின் கடைசிவரை கோடிக்கணக்கில் வந்தவை. சேகரிப்பவர்கள் ‘கிறிஸ்துமஸ் கோக்’ என்று கூப்பிடுவார்கள். அதற்கு முந்தையது ‘நவ. 16, 1915’ என்றிருக்கும், பிந்தையது ‘டி-105529’ என்ற காப்புரிமை எண்ணோடு இருக்கும், அது 1938 முதல் 1951 வரை. விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் அடியில் புடைத்திருக்கும் ஊர்ப் பெயர்தான். பெரிய ஊர் என்றால் மலிவு, சீக்கிரம் மூடிப்போன சின்ன ஊர் ஆலை என்றால் ஏறும். வயிறு அகன்ற இடத்தைச் சுற்றி வெள்ளையாகத் தேய்ந்த வளையம் தெரிய வேண்டும், பெட்டியில் ஒன்றோடொன்று உரசி வருவது அது. அந்த வடிவப் பாட்டிலின் வழக்கமான நிறம் வெளிர்ப் பச்சை. நீலமோ ஊதாவோ ‘அபூர்வம்’ என்று நீட்டினால் வாங்காதீர்கள். நகை நிறுவனமான ‘டிஃபனி’யின் முத்திரை போட்ட பித்தளை கோகோ கோலா பெல்ட் பக்கிளும் அப்படித்தான். அது பின்னாளில் கற்பனையாகச் செய்தது, அசல் என்று ஒன்று கிடையவே கிடையாது.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால்: ஸெல்லில் அனுப்பியது திரும்புவது அரிது, நீங்களே அனுமதித்து அனுப்பியது என்று வங்கி கைவிரிக்கும். கிரெடிட் கார்டு என்றால் வழி உண்டு. அந்தக் கட்டணம் முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் போக வேண்டும். தளத்தில் என்ன வாக்குக் கொடுத்திருந்தார்கள் என்ற படம், உறுதி மின்னஞ்சல், வாசலில் மறுக்கப்பட்ட நேரம் இவற்றை இணையுங்கள். ஸ்டேட்மென்டில் தளத்தின் பெயருக்குப் பதில் வேறு கம்பெனிப் பெயர் இருக்கும், அதையும் குறிப்பிடுங்கள். முக்கியமான ஒன்று: படிவத்தில் ‘இது நான் செய்த பரிவர்த்தனை இல்லை’ என்ற கட்டத்தைத் தொடாதீர்கள். நீங்கள் உங்கள் மின்னஞ்சலில் வாங்கிய ரசீதை விற்றவன் எடுத்துக் காட்டினால் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். ‘சொன்ன சேவை கிடைக்கவில்லை’ என்ற கட்டத்தையே தேர்ந்தெடுங்கள்.