ரேஷன் கார்டு, ஏழு வருஷம், ஒரு துபாய் நம்பர்

கூட வேலை பார்க்கும் தம்பிக்குப் போன ஆவணியில் கல்யாணம் ஆகி, தனிக்குடித்தனம் வந்தாயிற்று. "அண்ணே, புது ரேஷன் கார்டுக்கு வருமானச் சான்றிதழ் எங்கே வாங்கணும்?" என்று நேற்று கேட்டான். வேண்டாம் என்றேன். நம்பவில்லை. எங்கள் கார்டு 2018-இல் வாங்கியது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் தகுதி. 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்தக் கோட்டை இங்கே போடவில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்ற பழைய ஏற்பாடே தொடர்ந்தது. 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசும் இல்லை. அதனால் இங்கே கேட்கிற கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதல்ல, தனியாகச் சமைக்கிறாயா என்பதுதான். எங்கள் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்த அம்மா அடுப்பையும் சிலிண்டரையும் பார்த்தார், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டார், மோர் குடித்தார், போய்விட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாஸ்போர்ட்டுக்கு அலைந்த எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

விண்ணப்பமும் வீட்டிலிருந்தே போடலாம். ஆதார், வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ, கேஸ் விவரம், குடும்பத் தலைவியின் படம். கார்டு வகை கேட்கும் இடத்தில் மட்டும் கவனம்: அரிசி கார்டு, சர்க்கரை கார்டு, எப்பொருளும் இல்லா கார்டு என்று இருக்கும். 'நாமதான் ரேஷன் அரிசி சாப்பிடுறதில்லையே' என்று பெருமைக்குச் சர்க்கரை கார்டு போட்ட உறவினர் ஒருவர், பொங்கல் பணம் அரிசி கார்டுக்குத்தான் என்று தெரிந்த நாளில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

இதுவரை எல்லாம் சுகம். இனி என் எரிச்சல்.

ஒருவர் பெயர் ஒரு கார்டில்தான் இருக்கலாம். புதுக் கார்டு வேண்டுமென்றால் பழைய கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். என் பெயரை அப்பா கார்டிலிருந்து எடுக்க ஒரு நாள்கூட ஆகவில்லை, விண்ணப்பம் போட்டாயிற்று. மனைவி பெயர் மாமியார் கார்டில். ஐந்து பேர் கார்டு, அரிசி கார்டிலேயே முன்னுரிமை வகை, ஆளுக்கு 5 கிலோ அரிசி என்று கணக்கு. "பேரை எடுத்தா அஞ்சு கிலோ குறையுமே மாப்பிள்ளை" என்றார் மாமியார். அரிசி ஒரு சாக்குதான். பெண்ணின் பெயரைத் தன் கையால் அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு வழியாகச் சம்மதித்தார். இணையதளத்தில் உள்ளே போக, கார்டோடு பதிவு செய்த செல்போனுக்கு ஓடிபி வரும். மாமியார் கார்டில் பதிவாகியிருந்த நம்பர் என் மைத்துனருடையது. அவர் துபாயில். அந்த சிம்மை அங்கேயும் எடுத்துப் போயிருந்தார். நாங்கள் இங்கே பொத்தானை அமுக்கினால் அவர் அங்கே வேலையில் இருப்பார். அவர் அறைக்கு வந்து போனைப் பார்த்து எண்ணை அனுப்பும்போது நேரம் முடிந்து, 'மீண்டும் முயல்க' என்று வரும். இப்படி மூன்று வாரம். இதில் வேடிக்கை, பொருள் வாங்கினால் வரும் மெசேஜும் அவருக்குத்தான். மாமியார் பாமாயில் வாங்கியது எங்களுக்கு முன்னால் துபாய்க்குத் தெரிந்துவிடும். "பருப்பு வாங்கினதா வந்திருக்கே, வாங்கினியாம்மா?" என்று அவர் கேட்டு, வாங்கவே இல்லை என்று தெரிந்து கடையில் சண்டை நடந்த கதையும் உண்டு. அதற்குப் பிறகு 2020-இல் கைரேகை வந்தது. வாங்காத பொருளுக்கு மெசேஜ் வருவது எங்கள் வீட்டில் நின்றுபோனது.

நம்பரை மாற்ற என்ன வழி? ரேஷன் உதவி எண்ணான 1967-க்கு அழைத்தோம், வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் கார்டு உள்ளவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். மூட்டுவலிக்கார மாமியார் இரண்டு பஸ் மாறி வந்தார். கடைசியில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் பத்து நிமிஷத்தில் முடிந்தது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என்ன?

கார்டு வந்த பிறகு குறை சொல்ல அதிகம் இல்லை. கொரோனா நேரத்தில் 4,000 ரூபாய், மளிகைப் பொருட்கள். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வீடு மாறியபோது கார்டை மாற்றாமலே புது ஏரியா கடையில் கைரேகை வைத்து வாங்கினோம். அரிசியும் இட்லிக்கு அருமை. இடையில் சில மணிகள் வித்தியாசமாகத் தெரிந்தால் பிளாஸ்டிக் அரிசி என்று பதற வேண்டாம், சத்துச் சேர்த்த செறிவூட்டிய அரிசி அது.

தம்பிக்கு: சீக்கிரம் போடு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து தனிக் கார்டு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எங்களுக்கு இரண்டு மாதத்தில் வந்தது, உனக்கு அப்படி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் உன் மாமியார் கார்டில் யார் நம்பர் இருக்கிறது என்று கேள்.

இந்த ரேஷன் கார்டு ஏற்பாட்டுக்கு நியாயமாக மதிப்பெண் போட்டால் 5-க்கு 4. இன்றைக்கு 2தான் போடுவேன். இரண்டாவது குழந்தையின் பெயரைச் சேர்க்கலாம் என்று காலையில் உட்கார்ந்தேன். ஓடிபி வரவில்லை. எங்கள் கார்டில் இருப்பது நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரீசார்ஜ் பண்ணாமல் விட்ட நம்பர். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. காலண்டரை எடுத்து இரண்டாம் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள்.