செவனிங்கா, எராஸ்மஸா? திருகோணமலைப் பட்டதாரிக்கு எது சரிவரும்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் பட்டம் முடித்தவர்களிடம் மேற்படிப்பு என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் செவனிங். பிரித்தானிய அரசின் புலமைப்பரிசில் அது. ஓராண்டு முதுமாணிப் படிப்புக்குக் கட்டணம், விமானச் சீட்டு, மாதச் செலவு எல்லாம் கிடைக்கும். ஆனால் பட்டம் வாங்கிய கையோடு விண்ணப்பிக்க முடியாது. 2,800 மணிநேர வேலை அனுபவம், அதாவது ஏறக்குறைய இரண்டு வருட உத்தியோகம் கேட்கிறார்கள். சம்பளமில்லாத தொண்டுப் பணியும் கணக்கில் சேரும். நிரந்தர வேலை கிடைக்காமல் தொண்டு நிறுவனங்களில் ஓடித் திரிந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் வேறு மாதிரி. ஐரோப்பாவில் குறைந்தது இரண்டு நாடுகளில் போய்ப் படிக்கும் கூட்டு முதுமாணி. பெரும்பாலான படிப்புகளுக்கு வேலை அனுபவம் வேண்டாம், கடைசி வருடத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஊர் திரும்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புலமைப்பரிசில் கிடைத்தால் படிப்புக் கட்டணம் அவர்கள் பொறுப்பு. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்குத் தருகிறார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். விமானம், விசா, வாடகை எல்லாவற்றையும் அந்த 1,400க்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மாதப் பணம் வருவதற்கு முன்பே சீட்டு எடுக்க வேண்டும், அறைக்கு முற்பணம் கட்ட வேண்டும். முழுப் புலமைப்பரிசில் என்று ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போவது இந்த இடத்தில்தான். அந்தத் தொகையை விண்ணப்பிக்கும் நாளிலேயே ஒதுக்கத் தொடங்குங்கள்.

என்னைக் கேட்டால், பட்டம் முடித்த புதிதில் எராஸ்மஸ், இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த பிறகு செவனிங். வயதான பெற்றோரை விட்டு நெடுநாள் இருக்க முடியாதவருக்கு ஓராண்டுப் படிப்பே வசதி. திரும்பி வரும் நிபந்தனையும் அவருக்குப் பாரமாகத் தெரியாது.

அமெரிக்கா போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாட்டு மத்திய அரசின் கல்விக் கடனும் உதவித்தொகையும் மாணவர் விசாவில் போகும் நமக்குக் கிடையாது. ஆனால் கொழும்பிலுள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழு வழியாக ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசுப் புலமைப்பரிசில் கிடைக்கலாம். இல்லையென்றால் பல்கலைக்கழகமே தரும் உதவி ஆசிரியர் அல்லது ஆய்வு உதவியாளர் வேலை: வாரம் 20 மணிநேரம் வரை உழைத்தால் கட்டண விலக்கும் சம்பளமும். அதிலும் முதுமாணியைவிட கலாநிதிப் படிப்புக்குத்தான் தாராளம். விண்ணப்பக் கட்டணம் டொலரில் என்பதால் நாலைந்து இடத்துக்குப் போட்டாலே ரூபாயில் கையைக் கடிக்கும். விலக்குத் தரமுடியுமா என்று துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

சித்த மருத்துவம் முடித்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவர்கள் பார்க்க வேண்டிய திசை சென்னை. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கான இந்திய அரசின் ஆயுஷ் (பாரம்பரிய மருத்துவம்) புலமைப்பரிசிலுக்கு ஐசிசிஆர் எனப்படும் இந்தியக் கலாசார உறவுகள் கழகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.